கேமரா கீபோர்டில் மேக்ரோ: செம்பனை ஆலைக் காவல் அறையில் நாலு வருஷத்துக்குப் பிறகு

மேக்ரோ (பல கட்டளைகளை வரிசையாகப் பதிந்து ஒரே கீயில் ஓட்டுவது) வசதி இருக்கிறது என்பதற்காகவே, காவல் கேமராக்களை இயக்கும் ஒரு கீபோர்டை வாங்க நினைக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசதி நல்லதுதான். ஆனால் விற்கிறவர் காட்டும் விதத்தில் பயன்படுத்தினால் ஆறு மாதத்தில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். எங்கள் ஆலையில் கேமரா மாட்டிக் கொடுத்தவர்கள் பதினொரு மேக்ரோ போட்டுவிட்டுப் போனார்கள். அவற்றில் இன்றைக்குப் புழக்கத்தில் இருப்பது மூன்று, பிறகு நாங்கள் சேர்த்த ஒன்றோடு நான்கு. மற்ற எட்டும் கெட்டுப்போகவில்லை. ஜாகாக்கள் (காவலர்கள்) அமுக்குவதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேன். மின்சாரம்தான் என் வேலை. கேமராவும் மின்சாரத்தில்தானே ஓடுகிறது என்று மேனேஜர் அதையும் என் தலையில் கட்டிவிட்டார். 1948இல் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்ட ஊர் இது. தோட்டக் காவல் இங்கே நேற்று வந்த தொழில் இல்லை. இப்போது துப்பாக்கிக்குப் பயந்து யாரும் காவல் போடுவதில்லை. டீசல், குலை, ஆலை எண்ணெய் இந்த மூன்றும் கணக்கில் குறையாமல் இருக்கத்தான் காவல்.

சாமான்கள் இவை: அசையாத கேமரா ஒன்பது, சுழலும் டோம் கேமரா மூன்று. டோம்களில் இரண்டு நெட்வொர்க்கில் வருபவை. டீசல் கொட்டகைப் பக்கம் இருக்கும் மூன்றாவது பழையது. ஆர்எஸ்-485 என்னும் இரட்டைக் கம்பி இணைப்பு வழியாக, பெல்கோ-டி என்னும் கேமராக் கட்டளை முறையில் பேசும். கீபோர்டு ஒரு பக்கம் ரெக்கார்டரோடும் இன்னொரு பக்கம் அந்தப் பழைய டோமோடும் இணைந்திருக்கிறது. கீபோர்டின் பிராண்டைச் சொல்லப்போவதில்லை. இதே பெட்டி வேறு வேறு ஸ்டிக்கரோடு விற்கிறது, குறை நிறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மேக்ரோ போடுவது கஷ்டமில்லை. புரோகிராம் கீயைப் பிடித்து, மேக்ரோ எண்ணைக் கொடுத்துவிட்டு, கையால் என்னென்ன செய்வோமோ அதை வரிசையாகச் செய்ய வேண்டும்: எந்தத் திரை, எந்தக் கேமரா, எந்த பிரீசெட் (முன்பே எண் கொடுத்துப் பதிந்து வைத்த பார்வை), எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். திரும்பவும் புரோகிராம் கீ, முடிந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு கீ. இதில் இரண்டு வகைக் கீபோர்டு உண்டு. ஒன்று நாம் அமுக்கும் வேகத்தையும் சேர்த்துப் பதிந்துகொள்ளும். நடுவில் மூக்கைச் சொறிந்தால் அந்தத் தாமதமும் உள்ளே போய்விடும். இன்னொன்று படிகளை மட்டும் பட்டியலாக வைத்துக்கொள்ளும், இடைவெளியை நாமே விநாடிக் கணக்கில் எழுத வேண்டும். வாங்கினால் இரண்டாவது வகையை வாங்குங்கள். ஒரு படியை மாற்ற மேக்ரோ முழுவதையும் மறுபடி பதிய வேண்டியதில்லை.

எந்த வகையாக இருந்தாலும் ஜாய்ஸ்டிக் அசைவை மேக்ரோவுக்குள் பதியக் கூடாது. பெல்கோ-டியில் 'இடப்பக்கம் திரும்பு' என்பது ஒரு கட்டளை, 'நில்' என்பது தனிக் கட்டளை. எவ்வளவு தூரம் திரும்ப வேண்டும் என்பது இரண்டிலுமே கிடையாது. கேமரா எங்கிருந்து கிளம்பியது என்பதைப் பொறுத்துப் போய்ச் சேரும் இடமும் மாறும். 'நில்' வழியில் தொலைந்துவிட்டால் கேமரா மரத்தையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு சுற்றும். பிரீசெட் அப்படியில்லை. இடம், சாய்வு, ஜூம் மூன்றையும் கேமராவே நினைவில் வைத்திருக்கிறது. 'அங்கே போ' என்று சொன்னால் போதும்.

அந்தச் செய்தி எவ்வளவு சின்னது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஏழே பைட். ஒன்றாம் எண் கேமராவை ஒன்றாம் பிரீசெட்டுக்கு அனுப்ப, பதின்ம எண்ணில் எழுதினால்: 255, 1, 0, 7, 0, 1, 9. முதல் எண் தொடக்க அடையாளம், கடைசி எண் நடுவில் உள்ள ஐந்தின் கூட்டுத்தொகை. அதே இடத்தில் 7க்குப் பதில் 3 வந்தால் அர்த்தம் தலைகீழ்: 'இப்போது பார்க்கும் இடத்தையே ஒன்றாம் பிரீசெட்டாக எழுதிக்கொள்.' அழைப்பதற்கும் அழித்து எழுதுவதற்கும் ஓர் எண்தான் வித்தியாசம். எங்கள் கீபோர்டில் பிரீசெட் கீயை ஒரு தட்டு தட்டினால் அழைக்கும், அமுக்கிப் பிடித்தால் எழுதிவிடும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவர் கையில் இதைக் கொடுக்க முடியுமா? மேக்ரோவின் முதல் லாபமே இங்கேதான். காவலர் கணக்கில் பிரீசெட் எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, மேக்ரோ கீயை மட்டும் கொடுத்தேன். அதன் பிறகு யாரும் இடத்தை மாற்றி எழுதவில்லை.

இன்னொரு கண்ணிவெடி பிரீசெட் எண்களிலேயே இருக்கிறது. பல கேமராக்களில் சில எண்கள் இடமே அல்ல, கட்டளை. 95ஐ அழைத்தால் கேமராவின் மெனு திரையில் வந்து நிற்கும். 33 கேமராவைப் பின்பக்கம் திருப்பும். 34 தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோகும். சில தயாரிப்புகளில் 94 கேமராவை அணைத்துத் திறக்கும். ஆகவே 1 முதல் 30க்குள்ளேயே வைத்துக்கொள்வது நிம்மதி.

இனி எது நிலைத்தது என்பதற்கு வருகிறேன். மேக்ரோ 1 எடை மேடைக்கு. குலை லோரி உள்ளே வரும்போது நிறையோடு ஒருமுறை, கொட்டிவிட்டுப் போகும்போது காலியாக ஒருமுறை எடை போடுவார்கள். வித்தியாசம்தான் குலை எடை, காசும் அதற்குத்தான். இந்த முறையில் திருட நினைப்பவன் குலையைத் தொட வேண்டியதே இல்லை. வரும்போது தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும், போகும்போது காலியாக இருக்கும். வரும்போது ஸ்பேர் டயர் இரண்டு, போகும்போது ஒன்று. வரும்போது அட்டெண்டன் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பான், போகும்போது வெளியே நிற்பான். அந்த வித்தியாசம் எல்லாம் குலையாகக் கணக்கில் ஏறும்.

1ஐ அமுக்கினால் முன் நம்பர் பிளேட், பின் நம்பர் பிளேட், மேலிருந்து லோரித் தொட்டி என மூன்றும் ஒரே திரையில் வரும். பிறகு டோம் கீழே இறங்கி ஸ்பேர் டயர் பக்கத்தைக் காட்டி அங்கேயே நிற்கும். கூடவே பதிவில் ஒரு குறியும் விழும். நிறையோடு வரும்போது ஒருமுறை, காலியாகப் போகும்போது ஒருமுறை. இரண்டு தடவையும் அதே கோணம், அதே ஜூம், அதே வரிசை. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஒரு மனுஷன் எத்தனை கவனமாக ஆட்டினாலும் இந்த ஒற்றுமை வராது. சந்தேகம் வந்தால் எடைக் கிராணி (கணக்கெழுதும்) அக்கா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பார். "இந்தா பாருங்க, டயரு எங்க போச்சு?" என்று டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மேக்ரோ நேரத்தை மிச்சப்படுத்தும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒரே மாதிரிப் படம் கிடைப்பது.

மேக்ரோ 2 எண்ணெய் டேங்கருக்கு. மேல் மூடியின் சீல், கீழ் வால்வின் சீல், பிறகு வண்டி முழுவதும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கிறது. சீல் எண்ணைப் படிக்கும் அளவுக்கு ஜூம் போக வேண்டும் என்று மட்டும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். எண் தெரியாத சீல் படத்தால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

மேக்ரோ 4 டீசல் கொட்டகைக்கு. கதவில் தொடுப்பான் இருக்கிறது. இரவில் திறந்தால் காவல் அறையில் பஸ்ஸர் கத்தும். 4ஐ அமுக்கினால் முதலில் விளக்கு எரியும் (பழைய டோமின் ஆக்ஸ் என்னும் துணை வெளியீட்டில், விளக்கைப் போடும் ரிலே சுவிட்ச் கட்டியிருக்கிறேன்), பிறகுதான் கேமரா கதவுப் பக்கம் போகும். மாட்டிக் கொடுத்தவர்கள் கேமரா முதலில், விளக்கு பிறகு என்று வைத்திருந்தார்கள். அதில் கேமரா இருட்டில் போய் நின்று, ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வெளிச்சம் வந்து படம் வெள்ளையடித்துவிடும். வரிசையை மாற்றியதும் கேமரா போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் நிலைத்து, படம் தெளிவாக வருகிறது.

மேக்ரோ 9தான் ராஜா. கீயின் மேல் டேப் ஒட்டி 'பாலிக்' (திரும்பிப் போ) என்று எழுதியிருக்கிறோம். எங்கள் ஜாகாக்களில் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற தமிழர்களும் உண்டு, நேப்பாளிகளும் உண்டு. மலாய்ச் சொல் என்றால் எல்லோருக்கும் புரியும். 9ஐ அமுக்கினால் விளக்கு அணையும், மூன்று டோமும் தங்கள் வழக்கமான இடத்துக்குப் போகும், திரை பழையபடி பிரிந்து வரும். என்ன குழப்பம் நடந்திருந்தாலும், யார் எந்தக் கேமராவை எங்கே விட்டிருந்தாலும், ஒரு கீ. மாட்டிக் கொடுத்தவர்களின் பட்டியலில் இது இல்லவே இல்லை. ஷிப்ட் மாறும்போது முதலில் 9ஐ அமுக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறார்கள். நாலு வருஷத்தில் கீபோர்டில் எழுத்து முழுக்க அழிந்துபோன ஒரே கீ அதுதான்.

செத்துப்போனவற்றில் முக்கியமானது இரவு ரோந்து மேக்ரோ. விற்பனையின்போது அதிகம் காட்டப்பட்டதும் அதுதான். ஒரு டோம் பதினான்கு இடங்களை வரிசையாகச் சுற்றும், இடத்துக்கு 10 விநாடி. பார்க்க அழகாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சுற்று 140 விநாடி. அதில் எந்த ஓர் இடத்துக்கும் கிடைப்பது 10 விநாடி, அதாவது நூற்றுக்கு ஏழு. மீதி 130 விநாடியும் அந்த இடத்தைப் பார்க்கக் கண் கிடையாது. வேலியைத் தாண்டி ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு போக அது தாராளம். பதிவைப் பார்த்தால் ஒரு சுற்றில் டின் இருக்கும், அடுத்த சுற்றில் இருக்காது. எடுத்தவன் மட்டும் எதிலும் இருக்க மாட்டான்.

மோட்டாருக்கும் கேடு. பத்து மணி நேர இரவுக்கு 36,000 விநாடி. பத்து விநாடிக்கு ஒரு அசைவு என்றால் 3,600 அசைவு. வருஷத்துக்கு 13 லட்சத்துக்கு மேல். உள்ளே ஓடுவது ரப்பர் பெல்ட்டும் சின்ன மோட்டாரும். பெல்ட் தளர்ந்தால் கேமராவுக்கே தெரியாமல் பிரீசெட்டுகள் இரண்டு மூன்று டிகிரி நகர்ந்துவிடும். அகலப் பார்வையில் கண்ணுக்குப் படாது, ஜூமில் சீல் இருந்த இடத்தில் வெறும் தகரம் தெரியும்.

இதைவிடப் பெரிய சேதம் நாற்காலியில் நடந்தது. படம் தானாக மாறிக்கொண்டே இருந்தால் பார்ப்பவருக்கு வேலை இல்லை. "அதான் அதுவா சுத்துதே தம்பி, நான் என்னாத்த பாக்குறது?" என்று மூத்த ஜாகா அண்ணன் ஒருநாள் கேட்டார். கேள்வி நியாயமானது. ரோந்து கட்டாயம் வேண்டும் என்றால் அதைக் கேமராவுக்குள்ளேயே வையுங்கள், பெரும்பாலான டோம்களில் அந்த வசதி இருக்கிறது. கீபோர்டு மேக்ரோவில் வைத்தால் அது ஓடும்வரை சில மாடல்களில் மற்றக் கீகள் வேலை செய்யாது, யாராவது ஜாய்ஸ்டிக்கைத் தொட்டால் ரோந்து நின்றுவிடும், நின்றது யாருக்கும் தெரியாது. நாங்கள் எடுத்தேவிட்டோம். டோம் இப்போது வேலியின் ஒரே மூலையைப் பார்த்து நிற்கிறது, ஜாகா டார்ச்சை எடுத்துக்கொண்டு நடக்கிறார்.

ஆக, ஏதாவது நடந்தவுடன் ஆளே அமுக்கி, அமுக்கிய ஆளே உட்கார்ந்து பார்க்கிற மேக்ரோக்கள் எங்களிடம் நின்றன. ஆளுக்குப் பதிலாகப் பார்ப்பதற்கென்று போட்டவை போயின.

இடைவெளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேக்ரோ நன்றாக ஓடுமா ஓடாதா என்பது அதில்தான் இருக்கிறது. கம்பியில் தாமதம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2400 பாட் வேகத்தில்கூட ஏழு பைட் கட்டளை போய்ச் சேர 30 மில்லி விநாடிதான் ஆகும். நேரம் எடுப்பது இரும்பும் கண்ணாடியும்: கழுத்து திரும்ப வேண்டும், லென்ஸ் ஓட வேண்டும், ஃபோகஸ் பிடிக்க வேண்டும். நெட்வொர்க் கேமராவைத் திரைக்கு மாற்றும்போது இன்னொரு தாமதமும் சேரும். முழுப் படம் சுமக்கும் ஃபிரேம் வரும்வரை திரை காத்திருக்கும்; 25 ஃபிரேம் ஓட்டத்தில் 50 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் அது வருகிறது என்றால் அதுவே இரண்டு விநாடி வரை போகும்.

இதில் முக்கியமானது, மேக்ரோவுக்குக் கண் கிடையாது. கேமரா போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்பதில்லை. நேரம் ஆனதும் அடுத்த படிக்குப் போய்விடும். பகலில் மூன்று விநாடி போதும் என்று வைத்த இடைவெளி இரவில் போதாது, மழையில் சுத்தமாகப் போதாது, லென்ஸின் மேல் தண்ணீர்த் துளியைப் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் ஊஞ்சலாடும். அதனால் எல்லா இடைவெளியையும் ராத்திரி மழையில் அளந்து வையுங்கள். பகலில் கொஞ்சம் மெதுவாகத் தெரியும், பரவாயில்லை. ஆறு படிக்கு மேல் போகிற மேக்ரோவை இரண்டாக உடைத்துவிடுவதும் நல்லது.

நாள்பட்ட பிறகு தெரிந்த குறைகள் சில. எங்கள் கீபோர்டின் ஜாய்ஸ்டிக் உரசி ஓடும் வகை, காந்தத்தில் ஓடும் ஹால் வகை அல்ல. மூன்றாம் வருஷம் நடுப்புள்ளி கொஞ்சம் விலகியது. யாரும் தொடாமலே 'மெதுவாகத் திரும்பு' என்று கட்டளை போய்க்கொண்டிருந்தது, மேக்ரோ பாதியில் அறுந்தது. மேக்ரோவில் கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். யாரும் தொடாமலே கேமரா மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் ஜாய்ஸ்டிக்கைச் சந்தேகப்படுங்கள். மெனுவில் மறுசீரமைப்பு செய்து, நடுவில் உணராத பகுதியை அகலப்படுத்தியதும் சரியானது. வாங்கும்போது ஹால் வகை கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம்.

கடவுச்சொல் இன்னொரு தலைவலி. அலுவலகத்தில் ரெக்கார்டரின் கடவுச்சொல்லை மாற்றினார்கள், காவல் அறைக்குச் சொல்லவில்லை. கீபோர்டு பழையதையே திரும்பத் திரும்ப அனுப்ப, ரெக்கார்டர் அந்தக் கணக்கைப் பூட்டிவிட்டது. அன்றிலிருந்து கீபோர்டுக்கென்று தனிக் கணக்கு: பார்க்கலாம், அசைக்கலாம், குறி போடலாம், வேறு எதுவும் முடியாது.

இடி பற்றிப் பேராக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் மத்தியானம் தாண்டினால் வானம் கறுத்துவிடும். ஆர்எஸ்-485 கம்பி 1,200 மீட்டர் வரை போகும் என்று புத்தகத்தில் இருக்கும். வெட்டவெளியில் அத்தனை தூரம் போகிற செம்புக் கம்பி மின்னலுக்கு விரித்த வலை. கடைசி முனையில் 120 ஓம் தடுப்பான், இரு முனையிலும் மின்தாக்கப் பாதுகாப்பான், ஒழுங்கான எர்த். இந்த மூன்றும் இல்லாமல் மேக்ரோவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மின்சாரம் போய் வந்தால் டோம் தன்னைச் சோதித்துக்கொண்டு எழும்ப ஒரு நிமிஷம்வரை ஆகும். அதற்குள் அனுப்பிய பிரீசெட் காற்றில் போகும். மின்சாரம் வந்து ஒரு நிமிஷம் கழித்து 9ஐ அமுக்கச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

லயத்து வீடுகள் விஷயத்தையும் விட முடியாது. வேலிப் பக்க டோம் திரும்பும் பாதையில் வீடுகளின் பின்கட்டு வருகிறது, பெண்கள் துணி துவைக்கும் இடம். பிரீசெட் அங்கே இல்லையென்றாலும் ஒரு பிரீசெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில் கேமரா அதைத் துழாவிக்கொண்டுதான் போகும். மேக்ரோவில் இதைத் தடுக்க வழியில்லை. கேமராவின் அமைப்பில் மறைப்புத் திரை போட வேண்டும், ஜூம் ஆனாலும் நகர்ந்தாலும் அந்த இடம் கறுப்பாகவே இருக்கும். போட்டுவிட்டு, தோட்டத்து அக்காமார் இரண்டு பேரைக் காவல் அறைக்கே கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் போனார்கள், ஆனால் அதற்குப் பிறகு புகார் இல்லை.

கீபோர்டின் அமைப்பு முழுவதையும் யூஎஸ்பியில் எடுத்து வைக்க முடியுமா என்று வாங்குமுன் கேளுங்கள். முடியாது என்றால் மேக்ரோவின் ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். நான் இரண்டையும் செய்கிறேன். டோம் ஒன்றை மாற்றியபோது பிரீசெட்டுகள் பழைய கேமராவோடு போய்விட்டன. கீபோர்டில் மேக்ரோ பத்திரமாக இருந்தும் அது அனுப்பிய இடங்கள் புதுக் கேமராவுக்குத் தெரியவில்லை. நோட்டில் 'பிரீசெட் 6: கீழ் வால்வு, சீல் திரையின் நடுவில்' என்று எழுதியிருந்ததால் ஒரு காலையில் எல்லாவற்றையும் திரும்ப வைக்க முடிந்தது.

இப்போதைக்கு டீசல் கொட்டகைக் கதவுக்கு நேர் எதிரே அசையாத கேமரா ஒன்று மாட்ட மேனேஜர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அது வந்துவிட்டால் மேக்ரோ 4இல் விளக்கைப் போடும் படி மட்டும்தான் மிஞ்சும். அதற்கு மேக்ரோ எதற்கு, சுவரில் ஒரு சுவிட்ச் போதும்.